எவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று சொல்கிறீர்கள், எப்படி வெட்டுகிறீர்கள்? டிராய்க்கும் பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பிராட்பேண்ட் நிறுவனங்களின் வலையமைப்புப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

100 எம்பிபிஎஸ் என்று விற்ற இணைப்பு 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் உரிமை. அதில் எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. அதைச் செய்கிற விதத்தில்தான் வழக்கு. இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. கூடுதலாக வரும் பாக்கெட்டுகளைச் சில மில்லி நொடி நிறுத்திவைத்து வரிசைப்படி அனுப்பலாம். அதற்கு ஷேப்பிங் என்று பெயர். கூடுதலாக வருவதை வந்த இடத்திலேயே தூக்கி எறியலாம். அதற்குப் பாலிசிங் என்று பெயர். விளம்பரத்திலும் பில்லிலும் ஆணையத்துக்குப் போகும் அறிக்கையிலும் இரண்டும் ஒரே 100தான். வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் சேவைத் தர விதிகளில் இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுகோல் எதுவும் இல்லை. அதைக் கொண்டுவரச் சொல்லித்தான் இந்த மடல்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓடை வெள்ளத்தை ஏரியில் தேக்கி, மதகைத் திறந்து அளவாக விட்டால் கடைமடை வரைக்கும் தண்ணீர் போகும். ஏரியே இல்லாமல், வாய்க்கால் கொள்ளாததை எல்லாம் பக்கத்துப் பள்ளத்தில் வடியவிட்டால் வாய்க்காலில் ஓடும் அளவு அதேதான். ஆனால் மழை நின்ற மறுநாள் வயல் காய்ந்து கிடக்கும். இணையத்தில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. வடிந்துபோன ஒவ்வொரு துளியையும் மேகத்திடம் சொல்லி மறுபடி வரவழைக்க வேண்டும்.

பாலிசர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1999-இல் வந்த ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) 2697, 2698 காலத்திலிருந்து பெரிய மாற்றம் இல்லை. ஒரு வாளி. அதில் திட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப டோக்கன்கள் விழுந்துகொண்டே இருக்கும். 1500 பைட் பாக்கெட் வந்தால் 1500 டோக்கன் கழியும். வாளியில் டோக்கன் இல்லையா, பாக்கெட் குப்பைக்குப் போகும். வாளியின் கொள்ளளவுக்கு பர்ஸ்ட் அளவு என்று பெயர். வேகம் என்ன என்பதை எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். பர்ஸ்ட் அளவை எழுத வேண்டிய இடத்தில் கருவி கொடுத்த எண்ணையோ, பழைய ரவுட்டரிலிருந்து நகலெடுத்த எண்ணையோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது.

ஓர் உதாரணத்தை நெருக்கமாகப் பார்ப்போம். மாத ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, எஃப்யுபி (நியாயப் பயன்பாட்டுக் கொள்கை) விதிப்படி இணைப்பு 2 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பர்ஸ்ட் 3000 பைட் என்று இருக்கிறது, அதாவது இரண்டு முழு பாக்கெட். வாடிக்கையாளர் ஒரு வங்கிப் பக்கத்தைத் திறக்கிறார். இன்றைய சர்வர்கள் முதல் வீச்சிலேயே 10 பாக்கெட் அனுப்பும். ஆர்எஃப்சி 6928 அதை அனுமதிக்கிறது. பத்தும் ஏறக்குறைய ஒரே மூச்சில் பாலிசர் வாசலுக்கு வருகின்றன. இரண்டு உள்ளே போகும், எட்டு குப்பைக்கு. பாதுகாப்பு இணைப்புக்கான சான்றிதழ் பெரும்பாலும் இந்த முதல் வீச்சிலேயே இருக்கும். அது முழுதாக வராமல் பக்கம் ஓர் எழுத்துகூடக் காட்டாது. இரண்டுக்கு மட்டும் "வந்து சேர்ந்தது" என்ற ஏற்பு வந்ததால், மீதி தொலைந்தது சர்வருக்கு உடனே தெரியாது. டைமர் காலாவதியாக வேண்டும். லினக்ஸில் அது குறைந்தது 200 மில்லி நொடி. அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று இரண்டாக அனுப்பி, நடுவில் மறுபடி இழந்து, மறுபடி அனுப்பி... பக்கம் வெள்ளையாகவே நிற்கும்.

இதே 2 எம்பிபிஎஸில் ஷேப்பிங் இருந்தால்? 1500 பைட்டை 2 எம்பிபிஎஸில் அனுப்ப 6 மில்லி நொடி ஆகும். பத்து பாக்கெட்டுக்கு 60 மில்லி நொடி. பத்தும் வரிசையாக வந்து சேர்ந்துவிடும், ஒன்றுகூடத் தொலையாது. வேகம் ஒன்று, திட்டம் ஒன்று, விலை ஒன்று. ஒருவருக்குப் பக்கம் திறக்கிறது, ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வேகமான திட்டங்களிலும் இதே கதைதான். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு பர்ஸ்ட் 15,000 பைட் என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். பாலிசர் வரை பாக்கெட் வரும் மேல்பக்க இணைப்பு 1 ஜிபிபிஎஸ், அதாவது பத்து மடங்கு. இரண்டாவது சுற்றில் சர்வர் 20 பாக்கெட்டை ஒன்றாக அனுப்புகிறது. முதல் 11 போய்விடும். அதற்குள் வாளி காலி. அதன்பின் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகும் என்பதால் மீதி ஒன்பதும் தொலையும். வாடிக்கையாளர் அந்த நேரத்தில் பயன்படுத்தும் சராசரி வேகம் 10 எம்பிபிஎஸைக்கூடத் தொட்டிருக்காது. வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுக்காதவருக்கு, வேகம் தாண்டினாய் என்று தண்டனை.

ஆணையம் 2006 அக்டோபரில் கொண்டுவந்த பிராட்பேண்ட் சேவைத் தர விதிகளில் பாக்கெட் இழப்பு 1%-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று இருந்தது. அப்போது பிராட்பேண்ட் என்பதன் வரையறையே 256 கேபிபிஎஸ். 2013-இல் அது 512 ஆனது, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த புதிய விதிமுறைகளிலும் தாமதம், பாக்கெட் இழப்பு ஆகியவை அளவுகோல்களாக இருக்கின்றன. நல்லது. ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற இழப்பு ஒரு டிசிபி இணைப்பை, அதாவது தொலைந்ததை மறுபடி அனுப்பி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமான இணைப்பை, என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1997 முதல் புழக்கத்தில் இருக்கும் மேதிஸ் சூத்திரத்தின்படி, ஒரு தனி இணைப்பின் வேகம் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். 1460 பைட் பாக்கெட், போய்வர 40 மில்லி நொடி. இழப்பு 1% என்றால் ஏறக்குறைய 3.5 எம்பிபிஎஸ். 0.1% என்றால் 11. 0.01% என்றால் 35. ஒரே இணைப்பில் 100 எம்பிபிஎஸை எட்ட வேண்டும் என்றால் சுமார் 80,000 பாக்கெட்டுக்கு ஒன்றுதான் தொலையலாம். போய்வர 200 மில்லி நொடி ஆகும் வெளிநாட்டு சர்வரிலிருந்து 1% இழப்போடு இறக்கினால் 1 எம்பிபிஎஸ்கூட வராது. இன்றைய டிசிபியின் வேகத்தைத் தீர்மானிக்கும் கியூபிக் முறை இதைவிடக் கொஞ்சம் தேறும். ஆனால் படத்தின் போக்கு மாறாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாலிசர் சும்மா இருக்கும் இணைப்பில் எதையும் எறியாது. போய்வரும் நேரத்தைச் சோதிக்கும் சிறிய பிங் பாக்கெட்டை அனுப்பி அளந்தால் இழப்பு சுழியம் என்றுதான் வரும். வாடிக்கையாளர் எதையாவது இறக்க ஆரம்பித்த நொடியில்தான் வெட்டு விழும். ஆகவே சுமை இல்லாத இணைப்பில் அளந்த இழப்பைக் காட்டும் அறிக்கை, கடை பூட்டியிருந்தபோது கூட்டம் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2016-இல் கூகுள் பொறியாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 28,400 வலையமைப்புகளுக்குப் போன 27,000 கோடி பாக்கெட்டுகளை ஆராய்ந்தார்கள். பகுதிக்குப் பகுதி மாறினாலும் 7% வரையிலான இணைப்புகளில் பாலிசிங் தென்பட்டது. அப்படித் தென்பட்ட இடங்களில் பாக்கெட் இழப்பு சராசரியாக ஆறு மடங்கு. வீடியோவின் தரமும் கெட்டது. அதே வேகக் கட்டுப்பாட்டை ஷேப்பிங் மூலம் இந்தச் சேதம் இல்லாமல் கொண்டுவர முடியும் என்றும் காட்டினார்கள்.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் பாலிசிங்கை விடுவதில்லை? காரணம் காசு, அதை மறைக்கத் தேவையில்லை. பாலிசருக்கு நினைவகம் வேண்டாம். சிப்பில் ஒரு எண்ணி போதும். ஷேப்பிங்குக்கு ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு கியூ, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை, வேண்டும். சந்தாதாரர்களின் இணைப்புகள் வந்து சேரும் பிஎன்ஜி கருவியில் அதற்கான கார்டும் உரிமமும் தனி விலை. 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றுக்கு 50 மில்லி நொடி அளவுக்கு இடம் ஒதுக்கினால் 625 கிலோபைட். பத்தாயிரம் பேரும் ஒரே நொடியில் நிரப்பினால் 6.25 ஜிகாபைட். அப்படி எல்லோரும் ஒன்றாக நிரப்புவதே இல்லை, இன்றைய சர்வரில் அந்த நினைவகம் ஒரு பெரிய செலவும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் வரிசையை நிர்வகிக்கும் எஃப்கியூ-கோடல் முறை 2012 முதலும், கேக் முறை 2018-இல் வந்த 4.19 பதிப்பு முதலும் இருக்கின்றன. லிப்ரேகியூஓஎஸ் போன்ற இலவச மென்பொருள் சாதாரண சர்வரிலேயே இதைச் செய்கிறது. சிறிய ஊர்களில் இணைப்பு கொடுப்பவர்களுக்கும் எட்டாத விஷயம் இல்லை.

காசுக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை நிறுவனங்களின் நிதிப் பிரிவு யோசித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கடலடிக் கேபிளில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய், கடைசியாக பிஎன்ஜி வாசலில் ஒரு பாக்கெட் எறியப்படுகிறது. அது வந்த வழி முழுக்க நிறுவனம் காசு கொடுத்தாகிவிட்டது. அதே பாக்கெட் மறுபடி வரும், அதற்கும் காசு. பிபிஆர் போன்ற புதிய அனுப்பும் முறைகள் இழப்பைப் பார்த்துப் பின்வாங்குவது குறைவு; சிறிய வாளி வைத்த பாலிசரில் அவை வீணாக்கும் பாக்கெட் இன்னும் அதிகம்.

இதைப் படித்துவிட்டு, பாலிசரை எடுத்துவிட்டுப் பெரிய பஃபர் (கியூவுக்கான நினைவக இடம்) ஒன்றைப் போட்டால் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது மறுபக்கப் பள்ளம். 10 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1 மெகாபைட் கியூ வைத்தால், அது நிரம்பும்போது ஒவ்வொரு பாக்கெட்டும் 800 மில்லி நொடி காத்துக் கிடக்கும். வீடியோ அழைப்பில் பேச்சு தடுமாறும், விளையாட்டு உறையும். பஃபர்புளோட் என்று துறையில் சொல்வது இதைத்தான். கியூ இருக்க வேண்டும், ஆனால் அது நிரம்பி நிற்கக் கூடாது. கோடல் முறை பாக்கெட் கியூவில் நின்ற நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லி நொடிக் காலம் முழுக்க அது 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒரு பாக்கெட்டை எறிந்து அனுப்புநருக்குச் சாடை காட்டும். எஃப்கியூ சேர்ந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை. வீட்டில் ஒரு கைபேசி ஆப் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும், இன்னொரு கைபேசியில் யுபிஐயில் பணம் அனுப்புவார்கள். பாலிசருக்கு இரண்டு பாக்கெட்டும் ஒன்றுதான்; எது வாளி காலியான நேரத்தில் வந்ததோ அது போச்சு. தனி வரிசையில் யுபிஐயின் நாலைந்து சிறு பாக்கெட்டுகள் அப்டேட்டுக்குப் பின்னால் நிற்காமல் போய்விடும். யாருடைய ஆப் என்று யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை. எல்லாப் போக்குவரத்தையும் ஒன்றாக நடத்தச் சொல்லும் வலைச் சமத்துவ விதிக்கும் இதில் இடைஞ்சல் இல்லை.

மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களை வைத்து இணைப்பு கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சிம்பிள் கியூவில் எதையும் மாற்றாவிட்டால் டிஃபால்ட்-ஸ்மால் என்ற வகைதான் இருக்கும். அது 10 பாக்கெட் மட்டும் கொள்ளும் வரிசை. 100 எம்பிபிஎஸில் 10 பாக்கெட் என்பது 1.2 மில்லி நொடி. பெயர் கியூ, நடப்பது பாலிசிங். அவற்றின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7 வரிசையில் எஃப்கியூ-கோடலும் கேக்கும் கியூ வகைகளாகவே வந்துவிட்டன; வாடிக்கையாளர் உள்நுழையும் பிபிபிஓஇ இணைப்பின் ப்ரொஃபைலில் கியூ வகையை மாற்றினால் போதும். செயலியின் சுமை ஏறும் என்பதால் முதலில் ஐம்பது பேருக்குப் போட்டு, இரவு நெரிசல் நேரத்தில் சிபியுவைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போடுங்கள்.

பாலிசிங்தான் செய்ய முடியும், கருவி அவ்வளவுதான் என்கிற இடங்களும் உண்டு. அங்கே பர்ஸ்ட் அளவையாவது கணக்குப் போட்டு வையுங்கள். வேகத்தை 100 மில்லி நொடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் குறைந்தபட்ச அளவு வரும்: 50 எம்பிபிஎஸுக்கு 6,25,000 பைட், 100-க்கு 12,50,000. எஃப்யுபிக்குப் பிந்தைய தாழ்ந்த வேகங்களில் இந்தச் சூத்திரத்தை அப்படியே போட்டால் எண் சிறியதாகிவிடும். 2 எம்பிபிஎஸுக்கு 25,000 பைட்தான் வருகிறது. அங்கே 30,000 பைட், அதாவது 20 பாக்கெட்டுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

வெட்டு ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதும் பலர் கோட்டை விடும் விஷயம். பிஎன்ஜியில் ஒரு லிமிட், ஃபைபர் இணைப்புகளை வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஓஎல்டி கருவியில் அதே எண்ணில் இன்னொரு லிமிட். பிஎன்ஜி ஐபி பாக்கெட்டை மட்டும் எண்ணும், ஓஎல்டி ஈதர்நெட் தலைப்பையும் பிபிபிஓஇயின் 8 பைட்டையும் சேர்த்து எண்ணும். ஆகவே இரண்டிலும் 100 என்று எழுதினாலும் ஓஎல்டியின் 100 சிறியது. பிஎன்ஜியில் ஒழுங்காக வரிசைப்படுத்தி அனுப்பிய பாக்கெட்டுகளை ஓஎல்டி மறுபடி எறியும். எவ்வளவு நல்ல ஷேப்பர் வைத்தாலும் பயன் இல்லை. பிஎன்ஜிதான் குறுகலான வாசலாக இருக்க வேண்டும். ஓஎல்டி ப்ரொஃபைலை அதைவிட 10% மேலே வைத்துவிடுங்கள். மேலேறும் பக்கம் ஜிபான் ஃபைபர் வலையமைப்பில் டிபிஏ என்ற பங்கீட்டு முறை பார்த்துக்கொள்ளும், வீட்டிலுள்ள ஓஎன்டி பெட்டியிலேயே பாக்கெட் காத்திருக்கும். அங்கே பிஎன்ஜியில் பாலிசர் வைக்கிறீர்கள் என்றால் டிபிஏ எண்ணைவிட அது பெரியதாக இருக்கட்டும்.

வாடிக்கையாளர்களுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறோம். 100 வாங்கி ஸ்பீடு டெஸ்டில் 94 வந்தால் யாரும் திருடவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரித் தலைப்புகளுக்குப் போனது அது. கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போனால் போர்ட் தானாக 100-க்கு இறங்கிவிடும், 300 வாங்கினாலும் 94தான் காட்டும். புகார் எழுதும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத யுடிபி நெறிமுறை பற்றியும் சொல்லியாக வேண்டும். வெற்றுப் போக்குவரத்தைக் குவித்து முடக்கும் டிடாஸ் தாக்குதலுக்குப் பயந்து யுடிபி போக்குவரத்து மொத்தத்துக்கும் ஒரு பாலிசர் போட்டுவைக்கும் வழக்கம் பழையது. அன்றைக்கு யுடிபியில் பெரிதாக எதுவும் போகவில்லை. 2021 மே மாதம் யுடிபி மேல் ஓடும் க்விக் நெறிமுறை தரநிலையானது. இப்போது க்விக்கைப் பயன்படுத்தும் எச்டிடிபி/3-இல் வரும் பக்கமும் வீடியோவும் யுடிபி 443 போர்ட்டில்தான் ஓடுகின்றன. வீடியோ அழைப்பு, விளையாட்டு, வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போடும் விபிஎன் எல்லாம் பெரும்பாலும் யுடிபியில்தான். அந்தப் பழைய பாலிசர் இன்று வேலைக்குப் போகிறவரின் கூட்டத்தை வெட்டுகிறது. தாக்குதலுக்குப் பயன்படும் மூல போர்ட்டுகளை மட்டும் கட்டுப்படுத்துங்கள்: என்டிபியின் 123, சார்ஜெனின் 19, மெம்கேஷ்டின் 11211. மொத்த யுடிபியையும் தொடாதீர்கள்.

இன்னொரு புகார் ஒவ்வொரு மாதமும் வரும். ஒதுக்கீடு தீர்ந்து வேகம் இறங்கியது, ரீசார்ஜ் செய்தாகிவிட்டது, ஆனால் வேகம் ஏறவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார்கள், போட்டால் சரியாகிவிடும். இது மாயம் இல்லை. சந்தாதாரர் கணக்கைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் பிஎன்ஜிக்கு வேகத்தை மாற்று என்று ஒரு சிஓஏ செய்தியை யுடிபி 3799 போர்ட்டில் அனுப்புகிறது. இடையில் ஃபயர்வால் தடுத்தாலோ, செஷன் எண் பொருந்தாமல் பிஎன்ஜி நிராகரித்தாலோ பழைய வேகமே நிற்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் புதிய செஷன் பிறக்கிறது, அதனால் புதிய வேகம் கிடைக்கிறது. நிராகரிப்புகளை எண்ணி, தினமும் காலையில் பார்த்தால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்கு லட்சக்கணக்கானவர்கள் ஏன் சுவிட்சை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

இனி ஆணையத்திடம் நேராக.

2018 ஜூலை 31 அன்று தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வலைச் சமத்துவ நெறிமுறை, நியாயமான போக்குவரத்து மேலாண்மையை ஒப்புக்கொள்கிறது. அது தேவைக்கேற்ற அளவில், தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020 செப்டம்பர் 22 அன்று ஆணையமே இந்த மேலாண்மை முறைகள் பற்றித் தனிப் பரிந்துரை கொடுத்தது, பல தரப்பினர் சேர்ந்த அமைப்பு ஒன்றையும் முன்மொழிந்தது. அந்த மூன்று நிபந்தனையில் வெளிப்படை என்ற ஒன்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் "எஃப்யுபிக்குப் பின் 2 எம்பிபிஎஸ்" என்று இருக்கும். அதை எப்படிச் செய்கிறார்கள், நெரிசல் நேரத்தில் யாரை எந்த அளவுகோலில் குறைக்கிறார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள்.

வெளிப்படையாகச் சொல்வது எப்படி என்பதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் கோப்புப் பகிர்வுக்கான பிட்டாரண்ட் இணைப்புகளைப் பொய்யான ரீசெட் பாக்கெட் அனுப்பி முறித்தது வெளிச்சத்துக்கு வந்து, 2008 ஆகஸ்டில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கண்டித்தது. அதன்பின் காம்காஸ்ட் வேறு முறைக்கு மாறியது, அதை ஆர்எஃப்சி 6057-ஆக 2010-இல் ஊரறிய எழுதியும் வைத்தது. பல வீடுகள் பகிரும் போர்ட் 15 நிமிடத்துக்கு இறங்குபக்கம் 80%, ஏறுபக்கம் 70%-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அந்தப் போர்ட்டில் ஒருவர் தன் திட்ட வேகத்தின் 70%-க்கு மேல் 15 நிமிடம் பயன்படுத்தியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அவருடைய பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை குறையும்; இடம் இருந்தால் அவையும் போகும். 15 நிமிடத்துக்கு அவர் பயன்பாடு 50%-க்குக் கீழ் வந்தால் பழைய நிலை. எந்த ஆப், எந்த நெறிமுறை என்று பார்ப்பதே இல்லை. இத்தனை எண்ணும் வெளியே இருந்ததால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது. இந்த அளவுக்கு எழுதச் சொல்லித்தான் கேட்கிறோம்.

கனடா 2009-லேயே மேலாண்மை முறைகளை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் நிலையிணைப்பு ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம் மூன்றையும் எழுதியாக வேண்டும். நம்மிடம் "வரை" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் வேகத்தை எந்தக் கருவி இடத்தில், எந்த முறையில் கட்டுப்படுத்துகிறீர்கள், பர்ஸ்ட் எத்தனை பைட், கியூ எத்தனை மில்லி நொடி என்ற நான்கு விவரங்களை நிறுவனங்கள் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும், ஆணையம் அதைப் பொதுப் பட்டியலாக வைக்க வேண்டும். வணிக ரகசியம் என்று சொல்வார்கள். வாடிக்கையாளர் பத்து நிமிடத்தில் அளந்து கண்டுபிடிக்கக்கூடிய எண்ணில் என்ன ரகசியம்?

அளவீடும் மாற வேண்டும். சுமை ஏற்றி அளக்க வேண்டும்: ஒரே ஒரு டிசிபி இணைப்பில் 30 நொடி இறக்கம், அதே நேரத்தில் பிங், எத்தனை பாக்கெட் மறுபடி அனுப்பப்பட்டது என்ற எண்ணிக்கை. பல இணைப்புகளை ஒன்றாக ஓட்டும் ஸ்பீடு டெஸ்டுகள் பாலிசரின் சேதத்தை மறைத்துவிடும். ஒன்று விழும்போது மற்றொன்று எழுந்து மொத்தத்தை நிரப்பிவிடும். அதுவும் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள் இருக்கும் சர்வரை நோக்கி அளந்தால், அந்த எண் நிறுவனத்தின் உள்வீட்டுச் செய்தி மட்டுமே. ஆணையத்தின் மைஸ்பீடு ஆப்பில் தனி இணைப்புச் சோதனையும், சுமையின் கீழான தாமதமும் சேர வேண்டும். சோதனை சர்வர், நிறுவனங்கள் தங்களுக்குள் போக்குவரத்தைப் பரிமாறும் நிக்ஸி போன்ற நடுநிலை இடத்தில் இருக்க வேண்டும்.

நெரிசல் அளவையும் சொல்லிவிடுகிறோம். இணைப்பின் பயன்பாடு 80%-க்குள் இருக்க வேண்டும் என்பது 2006 முதல் பழக்கப்பட்ட அளவு. ஐந்து நிமிடச் சராசரியில் இதைப் பார்த்தால், 200 நொடி முழுக்க நிரம்பிப் பாக்கெட்டுகளை எறிந்து, 100 நொடி 40%-இல் ஓடிய போர்ட்டும் 80% என்று தேர்ச்சி பெற்றுவிடும். அந்தப் போர்ட்டில் எத்தனை பாக்கெட் எறியப்பட்டது என்ற எண்ணி ஏற்கெனவே ஒவ்வொரு ரவுட்டரிலும் இருக்கிறது. சராசரியோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எஃப்யுபி பற்றி ஒரு முரண்பாடும் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2016 அக்டோபர் 31 உத்தரவின்படி நிலையிணைப்பில் ஒதுக்கீடு தீர்ந்தபின் குறைந்தது 512 கேபிபிஎஸ் தர வேண்டும். 2023 முதல் 2 எம்பிபிஎஸுக்குக் கீழே எதுவும் பிராட்பேண்ட் ஆகாது. பிராட்பேண்ட் என்று விற்றதை மாதத்தின் கடைசி வாரத்தில் பிராட்பேண்ட் அல்லாததாக மாற்ற அனுமதிப்பது சரியா? அந்தத் தரையை 2-க்கு உயர்த்துங்கள், அந்த வேகத்தில் ஷேப்பிங்கைக் கட்டாயம் ஆக்குங்கள். அதிகம் பாதிக்கப்படுவது அந்தக் கடைசி வாரத்தில் தேர்வுக்குப் பதிவு செய்கிறவரும் மருத்துவருடன் வீடியோவில் பேசுகிறவரும்தான். அவர்களுக்கு வேண்டியது வேகம்கூட இல்லை. திறக்க வேண்டிய பக்கம் திறந்தால் போதும்.

சந்தேகம் உள்ள வாடிக்கையாளர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். வைஃபையை விட்டுக் கேபிளில் கணினியைச் செருகுங்கள். வெளியே, அருகிலுள்ள ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை மென்பொருள் ஓடும் ஒரு சர்வரை நோக்கி ஒரே இணைப்பில் 30 நொடி இறக்கிப் பாருங்கள். இன்னொரு சாளரத்தில் பிங் ஓடட்டும். அடுத்து எட்டு இணைப்பில் அதே சோதனை. எட்டில் 95 வந்து ஒன்றில் 30, 40 என்று ஏறி இறங்கி, பிங் கொஞ்சமும் அசையாமல் 5 மில்லி நொடியிலேயே நின்று, மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் பத்தி நிரம்பினால் அது பாலிசர், அல்லது பத்துப் பாக்கெட் கியூ. பிங் 300, 500 என்று ஏறினால் மட்டுமீறிய பஃபர். பிங் பத்து இருபதுக்குள் நின்று, வேகமும் ஒரே கோடாகப் போனால் உங்கள் நிறுவனத்தில் யாரோ வேலை தெரிந்தவர் இருக்கிறார். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை செய்து, இரண்டின் வெளியீட்டையும் அப்படியே புகாரோடு இணையுங்கள். "நெட் ஸ்லோ" என்ற புகாரை மூடுவது எளிது. மறுபடி அனுப்பிய பாக்கெட் 4,000 என்று இருக்கும் புகாரை மூட யாராவது கருவியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

நிறுவனங்களின் வலையமைப்புப் பொறுப்பாளர்களே, ஆணையத்தின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை இதில் பாதிகூட இல்லை. இன்று மாலையே ஒரு பிஎன்ஜியில் நுழைந்து எஃப்யுபி ப்ரொஃபைலின் பர்ஸ்ட் எண் என்ன என்று பாருங்கள். 3000 என்றோ 8000 என்றோ இருந்தால் 30,000 ஆக்குங்கள். அடுத்த ஒரு வாரத்தின் புகார் எண்ணிக்கையை முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டு உங்கள் மேலிடத்துக்கு அனுப்புங்கள். ஷேப்பிங்குக்கான கார்டு வாங்க அந்தத் தாளே உங்களுக்குப் போதுமானதாக இருக்கும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்